கோமாளிதானே என்று விடாதீர்கள்!

டி.வி. விவாதத்தில் ஒருவர், எதிரே உட்கார்ந்திருப்பவர் மீது ஆரஞ்சு ஜூஸை வீசுகிறார். 1995-ல் ரஷ்யாவில் நடந்தது. வீசியவர் விளாதிமிர் ஷிரினோவ்ஸ்கி. நனைந்தவர் போரிஸ் நெம்த்சோவ். பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வரும். ரஷ்யர்களும் சிரித்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பம்.

ஷிரினோவ்ஸ்கியின் கட்சிக்குப் பெயர் 'லிபரல் ஜனநாயகக் கட்சி'. சரக்கு என்னவோ அக்மார்க் இனவெறி! 1993 டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில், கட்சிகளுக்கான ஓட்டில் கிட்டத்தட்ட 23 சதவிகிதம் வாங்கி முதலிடம் பிடித்தது. எப்படி? 1992-ல் ஒரே வருஷத்தில் விலைவாசி 20 மடங்குக்கு மேல் எகிறியது. ஆயுசு பூரா சேர்த்த பணம் செல்லாக்காசு. வயிறெரிந்து நின்ற ஜனங்களுக்கு அவர் வழி சொல்லவில்லை, எதிரியைக் காட்டினார். காகசஸ்காரன், அமெரிக்கன், யூதன்... (தன் அப்பாவே யூதர் என்பதை 2001-ல்தான் ஒப்புக்கொண்டார்!) ரஷ்யச் சிப்பாய்கள் இந்து மகா சமுத்திரத்தில் பூட்ஸ் கழுவ வேண்டும் என்று புத்தகமே எழுதினார். நம்ம வீட்டு வாசல் வரைக்கும் நீண்ட கனவு.

சரி, இத்தனை வீரம் பேசியவர் ஆட்சியாளர்களை எதிர்த்தாரா? 1999 மே மாதம், அதிபர் யெல்ட்சினைப் பதவி நீக்க ஓட்டெடுப்பு. செச்சன்யா போர் தொடர்பான குற்றச்சாட்டு நிறைவேற 300 ஓட்டு வேண்டும். கிடைத்தது 283. ஷிரினோவ்ஸ்கி கட்சி ஒதுங்கிக்கொண்டது. 2020-ல் அவர் கட்சியைச் சேர்ந்த ஹபரோவ்ஸ்க் கவர்னர் செர்கெய் ஃபுர்கால் கைதானார். ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். முதலில் கூச்சல் போட்டார் தலைவர். அந்த நாற்காலிக்கு அதே கட்சியிலிருந்து வேறொருவரை புதின் நியமித்ததும் கப்சிப். மேடையில் புலி, சபையில் பூனை!

அப்படியானால் இந்தப் புலியால் ஆட்சியாளர்களுக்கு என்ன லாபம்? கோபக்காரர்களின் ஓட்டு ஆட்சியை அசைக்காத ஓர் இடத்தில் போய் விழும். அவர் உளற உளற, மற்றவர்கள் நிதானஸ்தர்களாகத் தெரிவார்கள். ஆனால், உளறலும் கேட்டுக் கேட்டுப் பழகிவிடும் சார். 2014-ல் உக்ரைனைப் பங்குபோட்டுக்கொள்ளலாம் வாருங்கள் என்று போலந்து, ஹங்கேரி, ருமேனியாவுக்கெல்லாம் கடிதம் போனது. 'ஷிரினோவ்ஸ்கிதானே' என்று உலகம் தள்ளிவிட்டது. 2022 பிப்ரவரி 24-ல் டாங்குகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஏப்ரலில் அவர் இறந்தார். புதினே பூங்கொத்தோடு வந்து அஞ்சலி செலுத்தினார். ஜூஸில் நனைந்த நெம்த்சோவ்? புதினை விடாமல் எதிர்த்தவர், 2015-ல் கிரெம்ளின் பக்கத்துப் பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்.

ஆகவே வாசகரே, மேடையில் ஒருவர் வெறுப்பைத் தமாஷாகப் பரிமாறும்போது சிரிப்பு வந்தால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். கூத்து யாருக்கு லாபம் என்று பாருங்கள். கோமாளி இறங்கிப் போய்விடுவார். அவர் பேசிய வசனத்தை, சிரிக்கவே தெரியாத ஒருவர் நடத்திக் காட்டுவார்.