சீசன் விலை

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சிங்கப்பூர் என்றதும் நமக்கெல்லாம் வானளாவிய கட்டடங்கள் நினைவுக்கு வரும். அங்கே கூலிக்கு உழைத்துவிட்டு வருபவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். அதிலும் சீனர்கள் நடத்தும் சாதாரணக் கடலுணவுக் கடைகளைப் பற்றிப் பேசி ஓயமாட்டார்கள். தலைக்கு மேல் மின்விசிறி, பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடித் தொட்டியில் உயிரோடு மீனும் நண்டும். ரப்பர் செருப்போடு வந்தவரும் கழுத்துப்பட்டை கட்டியவரும் அடுத்தடுத்த மேசையில் உட்காரலாம். சில்லி நண்டு என்னும் பண்டத்தைக் கையால் உடைத்துத்தான் தின்ன வேண்டும். குழம்பை வழிக்கப் பொரித்த பன் தருவார்கள். பெரிய மனிதர் என்றாலும் விரல் சிவக்காமல் எழ முடியாது!

இந்தப் பண்டம் மாளிகையில் பிறந்ததன்று. 1956ஆம் ஆண்டு வாக்கில் சேர் யாம் தியான் என்ற பெண்மணி, தக்காளி சாஸில் வதக்கிய நண்டோடு மிளகாய் சாஸையும் சேர்த்துப் பார்த்தார். கணவரோடு தள்ளுவண்டியில் வைத்து விற்றார். பின்னாளில்தான் அது உணவகமாயிற்று.

தள்ளுவண்டியில் பிறந்த அந்த நண்டுக்கு இன்று பல கடைகளின் பட்டியலில் விலையே இல்லை. சோற்றுக்கும் கீரைக்கும் எண் இருக்கும். நண்டுக்கு நேரே ‘சீசன் விலை’ என்று மட்டும் இருக்கும். இது சரியல்ல என்பதே என் வாதம்.

நண்டின் வரத்து நாளுக்கு நாள் மாறும், அச்சடித்த விலை எப்படிக் கட்டுப்படியாகும் என்று கடைக்காரர் கேட்கலாம். அது உண்மைதான். இலங்கையிலிருந்தும் நம் கரையிலிருந்தும் கால் கட்டப்பட்டு விமானத்தில் போகும் சேற்று நண்டுக்கு ஒரே விலை நிற்காது. ஆனால் என் அம்மா மீன் விற்பவர். காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை. இருந்தும் கூறு கட்டி வைத்து, ‘இந்தக் கூறு இவ்வளவு’ என்று முழுத் தொகையைச் சொல்லித்தான் விற்கிறார். வாங்குபவர் பேரம் பேசலாம், போகலாம். விலை மாறுவது வேறு, விலையை மறைப்பது வேறு.

விலை சொன்னாலும் 100 கிராமுக்குத்தான் சொல்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஜப்பானியப் பயணி ஒருவர் அங்கே அலாஸ்கா ராஜ நண்டு கேட்டார். (அது துறவி நண்டுக்கு உறவு, நாங்கள் அதை உண்மை நண்டு வகையில் சேர்ப்பதில்லை. போகட்டும்.) 100 கிராம் 26.80 வெள்ளி. நண்டோ மூன்றரைக் கிலோ. 35ஆல் பெருக்கினால் 938 வெள்ளி! அவர் போலீசையே அழைத்துவிட்டார். விலையை முன்பே சொன்னோம் என்றார்கள் கடைக்காரர்கள். சொல்லியிருக்கலாம், ஆனால் பசியோடு உட்கார்ந்திருப்பவரைப் பெருக்கல் கணக்குப் போடச் சொல்வது என்ன நியாயம்? ஓட்டுக்கும் சேர்த்துத்தான் எடை. புதிதாக ஓடு மாற்றிய நண்டில் நீர் மிகுதி, சதை குறைவு. தராசுக்கு அது தெரியாது.

‘கேட்டால் சொல்லப் போகிறார்கள்’ என்பீர்கள். என் சித்தப்பா 14 ஆண்டுகளாக அங்கே கப்பல் பட்டறையில் இருக்கிறார். ஒரு சம்பள நாளன்று மூன்று நண்பர்களோடு அப்படி ஒரு கடைக்குப் போனார். ‘சீசன் விலை’ என்பதைப் பார்த்தார்கள். நால்வரும் வறுத்த சோறு தின்றுவிட்டுத் திரும்பினார்கள். ‘ஏன் சித்தப்பா கேட்கவில்லை?’ என்றேன். ‘கேட்டுட்டு வேண்டாம்னு எப்படிடா சொல்றது?’ என்றார். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு இது விளங்கும். அலுவலகச் சன்னலில் நின்று ‘எவ்வளவு சார்?’ என்று கேட்பதற்குள் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்வதில்லையா? பணக்காரன் விலை கேட்டால் கெட்டிக்காரன்; உழைப்பாளி கேட்டால் இல்லாதவன் என்று பார்க்கிறது உலகம்.

வழி கடினமன்று. நண்டைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் நிறுத்து, மொத்தத் தொகையை ஒரு சீட்டில் எழுதி, அது அடுப்புக்குப் போகுமுன் மேசைக்கு அனுப்பட்டும். வேண்டாமென்றால் நண்டு தொட்டிக்கே திரும்பட்டும். கேட்காமலே மேசையில் வைத்துவிட்டுப் பிறகு காசு வாங்கும் வேர்க்கடலைக்கும் ஈரத் துண்டுக்கும் அதே சீட்டில் இரண்டு வரி இடம் இருக்கும்.