இந்து மதத்தின் பிள்ளையா புத்தம்?

‘புத்தம் இந்து மதத்தின் கிளையே, புத்தர் திருமாலின் ஒன்பதாம் தோற்றரவே’ என்று மேடைதோறும் முழங்குகின்றனர் ஆரியக் கொள்கையர். நம்மவருள்ளும் சிலர் அதற்குத் தலையாட்டுகின்றனர். இவ்வுறவுமுறை எங்கிருந்து வந்தது?

ஒப்புமையே இல்லையெனக் கூறோம். வினைப்பயன், மறுபிறப்பு, பற்றறுத்து விடுதலை எய்துதல் ஆகியவை இரண்டிலும் உள. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு. நிலைத்த ஆன்மா ஒன்று உடல்விட்டு உடல் புகும் என்பது அவர்தம் கொள்கை. அத்தகைய ஆன்மாவே இல்லை என்பது புத்தர் கொள்கை. வேதமே முடிந்த முடிபு என்பர் அவர். அதனை ஏற்க மறுத்தார் இவர்.

எல்லாவற்றினும் பெரிய வேறுபாடு பிறப்பைப் பற்றியது. சாக்கிய இளவரசர் துறவு பூண வந்தபோது, உடன்வந்த முடிதிருத்துநர் உபாலிக்கே முதலில் துறவு தரப்பெற்றது என்கின்றன புத்த நூல்கள். ஏன்? பின்னர்த் துறவேற்ற இளவரசர் அவரை மூத்தவராக வணங்கவேண்டும் என்பதற்காக! மனுநூல் இதனைப் பொறுக்குமா?

தோற்றரவுக் கதைக்கு வருவோம். பாகவதப் புராணம் புத்தரைத் திருமாலின் தோற்றரவாகக் கூறுவது அவரைப் பெருமைப்படுத்தவன்று. தேவர்களின் பகைவரை மயக்கவே அவர் தோன்றினாராம்! அதாவது, அவர் அறிவுறுத்தியது மயக்குரை என்பதே அதன் உட்கிடை. ஒருவரை வீட்டினுள் அழைத்துப் பொய்யர் எனப் பட்டஞ்சூட்டுவதா உறவு? 1956 அக்தோபர் 14-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு புத்தம் தழுவியபோது, ஏற்ற 22 உறுதிமொழிகளுள் இத்தோற்றரவுக் கதையை மறுப்பதும் ஒன்றாயிருந்ததன் கரணியம் இதுவே.

ஈழத்தில் புத்தத்தின் பெயரால் நம் இனத்திற்கு இழைக்கப்பெற்ற கொடுமைகளை நாம் மறந்தோமல்லோம். அது சிங்கள வெறியின் குற்றம்; அதனைக் காட்டிப் புத்தரை ஆரியத்திடம் ஒப்படைக்க இயலாது. தமிழ்மண்ணிலும் அவர் வேற்றவர் அல்லர். சேலத்தில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என வழிபடப்பெற்ற சிலை, தாமரை இருக்கையில் ஊழ்கத்தில் அமர்ந்த புத்தரே எனத் தொல்லியல் துறை ஆய்ந்து கூறிற்று. 2022-இல் சென்னை உயர்முறைமன்றமும் அதனை ஏற்றது. முனியப்பனென்று கும்பிட்ட எளிய மக்கள்மேல் நமக்குச் சினமில்லை. பெயரை மாற்றி விழுங்கும் வழக்கத்தின்மேல்தான் சினம்.

அவ்வழக்கத்திற்கு இந்திய அரசமைப்பே துணைநிற்கின்றது. அதன் 25-ஆம் கூற்றிலுள்ள இரண்டாம் விளக்கம் ‘இந்து’ என்பதனுள் சீக்கியரையும் சமணரையும் புத்தநெறியினரையும் அடக்குகின்றது. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் அவ்வாறே செய்கின்றது. அவ்விளக்கத்தை நீக்குமாறு 2002-இல் அரசமைப்பு மீளாய்வுக் குழுவே பரிந்துரைத்தது. இன்னும் நீக்கினாரில்லை. நீக்குக என்கின்றோம்!