படம் மாறிற்று, பார்ப்பவர் மாறினரா?

தமிழ் சினிமா முன்போல் இல்லை என்றும், ஒடுக்கப்பட்ட மக்களின் வாழ்க்கையே இப்போது படமாக வருகின்றது என்றும், ஜனங்களும் அதைக் கொண்டாடுகின்றார்கள் என்றும், ஆகவே ஜாதி தானே ஒழிந்துவிடும் என்றும் சிலர் சந்தோஷப்பட்டுக்கொள்ளுகின்றார்கள். முதல் மூன்று சங்கதிகளையும் நாம் தாராளமாய் ஒப்புக்கொள்ளுகின்றோம். நாலாவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தருமபுரி ஜில்லாவில் இருந்துகொண்டு அதை எப்படி ஒப்புக்கொள்ள முடியும் என்று கேட்கின்றோம்.

சினிமா மாறியது உண்மை. 1935-ல் நந்தனார் படத்தில் நடிக்கக் கே.பி.சுந்தராம்பாள் அம்மையாருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். ஆனால் அக்கதையில் நந்தனுக்குக் கிடைத்தது என்ன? நெருப்பில் இறங்கி வந்தால்தான் சிதம்பரத்தில் நுழைய லாயக்கானவன் என்பதுதானே? அதைக் கண்டு கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேருக்கு, கொளுத்தவேண்டியது நந்தனையா, அவனைத் தடுத்த வழக்கத்தையா என்று தோன்றிற்று? 1952-ல் பராசக்தி போன்ற படங்கள் வந்து பூசாரியைக் கேள்வி கேட்டன. பிறகு சின்னக் கவுண்டர், 1992-ல் தேவர் மகன் என்று ஜாதிப் பட்டமே படத்தின் பெயராக வந்தது. 2018-ல் மாரி செல்வராஜின் பரியேறும் பெருமாளும், 2021-ல் கர்ணனும், 2023-ல் மாமன்னனும் வந்தபோதோ, அடித்தவன் பெருமையைவிட்டு அடிபட்டவன் நியாயத்தை ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்தார்கள். இது பெரிய மாறுதல்தான்.

இம்மாதிரி மாறுதல் நம் நாட்டில் மாத்திரம் நடந்ததல்ல. ஆப்பிரிக்காவைப் பாருங்கள். வெள்ளைக்காரர் எடுத்த படங்களில் அந்நாடு காடும் மிருகமுமாக இருந்ததே தவிர, அந்நாட்டு மனிதன் மனிதனாக இருந்ததில்லை. பிரஞ்சு சர்க்கார் 1934-ல் ஓர் உத்தரவு போட்டு, தங்கள் ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளில் அனுமதியில்லாமல் யாரும் படம் பிடிக்கக்கூடாது என்று தடுத்து வைத்தது. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் என்பவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். நாவல் எழுதினார். தம் ஜனங்களில் பெரும்பாலோர் படிக்கத் தெரியாதவர்கள் என்று கண்டு சினிமாவைக் கையில் எடுத்தார். 1968-ல் மண்டாபி என்ற படத்தை வோலோஃப் என்னும் தம் நாட்டுப் பாஷையிலேயே பேசவைத்தார். பின்னால் அக்கண்டத்துக் கொட்டகைகள் பல மூடப்பட்டுச் சர்ச்சுகளாகவும் கிடங்குகளாகவும் ஆயின. அப்போதும் ஜனங்கள் ஓயவில்லை. 1992-ல் நைஜீரியாவில் லிவிங் இன் பாண்டேஜ் என்ற படத்தை வீடியோவில் எடுத்துக் கேசட்டாகவே விற்றார்கள். ஜனங்கள் வாங்கி வீட்டில் போட்டுப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது.

ஆனால் அக்கதை என்ன தெரியுமா? பணத்துக்காகப் பெண்டாட்டியைப் பலி கொடுத்தவனை அவள் ஆவி பிடித்து ஆட்டுகின்றதாம். கடைசியில் சர்ச்சில் ஜெபம் செய்து விடுவிக்கின்றார்களாம்! திரையில் தெரிந்த முகம் அவர்கள் முகம். பேசிய பாஷையும் அவர்கள் பாஷை. புளுகு மாத்திரம் பழைய புளுகு. ஆகவே தன் முகம் திரையில் தெரிந்துவிட்டதாலேயே புத்தி விடுதலை அடைந்துவிடாது என்பது விளங்கவில்லையா? செம்பேன் 2004-ல் எடுத்த மூலாடே என்ற படத்தில், பெண் குழந்தைகளின் உறுப்பை அறுக்கும் வழக்கத்தைப் பெண்கள் எதிர்க்கின்றார்கள். ஆண்களோ, இவர்களைக் கெடுத்தது ரேடியோதான் என்று ஊரிலுள்ள பெண்களின் ரேடியோக்களையெல்லாம் குவித்துக் கொளுத்துகின்றார்கள்.

கொளுத்துவதைப் பற்றி நம் ஜில்லாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வன்னியப் பெண்ணும் ஓர் ஆதித்திராவிட வாலிபனும் இஷ்டப்பட்டுக் கலியாணம் செய்துகொண்டார்கள். பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொண்டதும், 2012 நவம்பர் 7-ந் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொள்ளையிட்டுக் கொளுத்தினார்கள். 2013 ஜூலை 4-ந் தேதி அவ்வாலிபன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தான். அரூர் தாலுகா வாச்சாத்தியில் 1992 ஜூனில் சர்க்கார் சிப்பந்திகள் 18 பெண்களைக் கெடுத்து ஊரையே சூறையாடினதற்கு, 2011-ல்தான் தருமபுரி கோர்ட்டில் தண்டனை கிடைத்தது. இடைப்பட்ட 19 வருஷமும் சினிமாக்காரர்கள் ஒகேனக்கலுக்கு வந்து டூயட் எடுத்துக்கொண்டு போனார்களே, அதே ஜில்லாவில் இருந்த வாச்சாத்திக்கு வழி தெரியவில்லையா?

சினிமாக்காரன் கிடக்கட்டும். பார்க்கின்ற நம்மவர்களைக் கேட்கின்றோம். பரியேறும் பெருமாளைப் பார்த்துக் கைதட்டின தகப்பனார்களே! உங்கள் மகள் காலனிப் பையனைக் கட்டிக்கொள்ளுகின்றேன் என்று வந்து நின்றால் அப்போதும் கைதட்டுவீர்களா? இல்லையென்றால் நீங்கள் படம் பார்த்ததற்கு அர்த்தம் என்ன? அன்று நந்தனுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு வீட்டில் தனிக்குவளை வைத்திருந்தவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

கோவிலில் நுழையவிடாத காலத்திலும் டூரிங் கொட்டகையில், காசு கொடுத்தால் எந்த ஜாதியானும் பெஞ்சில் உட்காரலாம் என்றிருந்தது. அந்த ஒரு காரியத்துக்காகவே சினிமாவை நாம் மெச்சலாம். அதையும் கெடுத்தார்கள். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு கொட்டகை வாசலில், டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர்களை உள்ளே விட மறுத்தார்கள். ஊர் சிரித்த பிறகு, குழந்தைகளுக்கு வயது போதாது என்று சமாதானம் சொன்னார்கள். மற்றவர்கள் குழந்தைகளை வாசலில் நிறுத்தி வயது கேட்டதை யாராவது கண்டதுண்டா? இன்னொரு பக்கம் நடிகனின் கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம்! கல்லுக்குப் பால் ஊற்றுவது மடமை என்றால், அட்டைக்கு ஊற்றுவது மாத்திரம் பகுத்தறிவாகிவிடுமா?

சினிமா வெறும் பொழுதுபோக்குத்தானே, அதில் இவ்வளவு விசாரணை எதற்கு என்பார்கள் சிலர். வெறும் பொழுதுபோக்கானால், ஜாதியைக் கண்டிக்கும் படம் வந்தவுடன் ஜாதிச் சங்கங்களுக்கு ஏன் வயிறு எரிகின்றது? அது மூளையில் வேலை செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். நமக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே தருமபுரி வாலிபர்களே! நல்ல படங்களைக் கட்டாயம் பாருங்கள். ஆனால் படம் செய்யவேண்டியதைப் படம் செய்துவிட்டது. மிச்சம் உங்கள் பங்கு. அட்டைக்கு ஊற்றும் பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். உங்கள் ஊரில் ஜாதியை மீறிக் கலியாணம் செய்துகொள்ளும் ஜோடிக்கு ரிஜிஸ்திரார் ஆபீசில் சாட்சிக் கையெழுத்துப் போடுங்கள். அவர்கள் வீட்டைக் கொளுத்த ஒரு கூட்டம் வந்தால், அதற்கு எதிரில் நில்லுங்கள். அந்தத் தைரியம் வராதவரையில், கொட்டகையில் நீங்கள் அடிக்கும் விசில் வெறும் காற்றேயாகும்.