இரவுக் கடமையும் பாடப்புத்தகமும்

அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குத் தெரியும்: உள்ளே நோயாளியின் அருகில் முழுநேரமும் நிற்பவர் தாதிதான். பிரித்தானியாவில், செயற்கைச் சுவாசத்திலுள்ள நோயாளி ஒருவருக்குத் தாதி ஒருவர் என்பது நியமம். அப்பிரிவுத் தாதியருள் ஆகக்குறைந்தது 50 வீதமானோர் இத்துறையில் மேற்படிப்பு முடித்திருக்க வேண்டுமென்றும் வகுத்திருக்கிறார்கள். 2020இல் கொரோனா பரவியபோது இந்த நியமங்களைத் தளர்த்த நேர்ந்தது. கருவியை வாங்கிவிடலாம், அதையறிந்த தாதியை ஒரு வாரத்தில் உருவாக்க முடியுமா?

அந்த மேற்படிப்பைப் பெரும்பாலும் வேலையை விடாமலேயே படிக்கிறார்கள். பகுதிநேரம் என்றதும் நாம் சற்று மட்டமாக எண்ணிவிடுகிறோம். இங்கே அது பொருந்தாது. இரத்த அழுத்தம் இறங்கினால் என்ன செய்வது, சிறுநீர் குறைவது எதன் முன்னறிவிப்பு, சுவாசக் கருவி ஒலியெழுப்புவது சளியடைத்ததாலா, குழாய் கழன்றதாலா? விரிவுரையில் கேட்டதைக் கட்டிலருகே செய்துகாட்ட வேண்டும். அனுபவமுள்ள தாதியொருவர் பக்கத்தில் நின்று பார்த்து, திருப்தியானால்தான் கையொப்பமிடுவார்.

பன்னிரண்டு மணிநேரக் கடமை முடித்து வீடு வந்தால் எழுதவேண்டிய கட்டுரை காத்திருக்கும். அதற்கு நேரம் எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான்.

உங்கள் வீட்டிலும் இப்படிப் படிக்க ஆசைப்படும் தாதியொருத்தி, மகளாகவோ மருமகளாகவோ இருக்கலாம். "இந்த வயதில் இன்னும் என்ன படிப்பு?" என்று கேட்குமுன், அவள் இரவுக் கடமை முடித்து வந்த காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பியது யார் என்று கேட்டுப் பாருங்கள்.