சீமாட்டிகள் காத்த ரகசியம்



இது தையல் சிறப்பிதழ். கட்டிங் பாடம், எம்பிராய்டரி, பழைய பட்டுப் புடவையைப் பேத்திக்குப் பாவாடை சட்டையாக்கும் வழி என்று எல்லாம் உள்ளே காத்திருக்கின்றன. அதற்கு முன்னால் உங்களை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்கு, மான்ட்கோமரி நகரத்துக்கு ஒரு நடை அழைத்துப் போக ஆசை.

மான்ட்கோமரி என்றதும் ரோசா பார்க்ஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். 1955 டிசம்பர் 1 அன்று பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானவர். அவர் தையல்காரர் என்பதைப் பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிடும். ஊரின் பெரிய கடை ஒன்றில் துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்வது அவர் வேலை. அந்த வேலை முடிந்துதான் அன்று மாலை பஸ் ஏறினார். அந்த நாட்களில் அவர் கையில் தையலில் இருந்த பூப்போட்ட உடை ஒன்று இன்றும் இருக்கிறது. வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அது அங்கே போய்ச் சேர்ந்ததற்கு லோயிஸ் அலெக்சாண்டர் லேன் என்ற பெண்மணி காரணம். அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். ஃபேஷனுக்கும் கறுப்பினத்தவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலத்தில், நியூயார்க் நகரத்தின் கடைத்தெரு வியாபாரத்தில் தம் மக்களின் பங்கு என்ன என்பதையே முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். 1966இல் அந்த நகரத்தின் ஹார்லெம் பகுதியில் ஒரு ஃபேஷன் பள்ளி தொடங்கினார். 1979இல் அதே ஹார்லெமில் கறுப்பின ஃபேஷன் அருங்காட்சியகம். பரணிலும் டிரங்குப் பெட்டியிலும் கிடந்த உடைகளை ஊர் ஊராகத் தேடி வாங்கிச் சேர்த்தார். யார் தைத்தது என்ற தகவலும் கூடவே வந்தது. 2007இல் அவருடைய மகள் அந்தச் சேகரிப்பை அப்படியே ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்தார். இன்று நான் சொல்லப்போகிற ஆன் லோவின் உடைகளும் அதில் உண்டு.

ஆன் லோவும் மான்ட்கோமரியோடு சம்பந்தப்பட்டவர்தான். அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்து தையல் பழகியவர். அம்மாவும் அதே தொழில். மான்ட்கோமரியின் பெரிய வீட்டுப் பெண்களுக்கு அம்மாவும் பாட்டியும் விருந்து உடைகள் தைத்தார்கள். தரையில் விழுந்த வெட்டுத்துணிகள் சிறுமி ஆனுக்கு. தோட்டத்துப் பூக்களைப் பார்த்து அதேபோலப் பட்டுத் துண்டில் இதழ் வெட்டி, விளிம்பைச் சுருட்டி, நூலில் கோத்துப் பூவாக்குவது அவளுடைய விளையாட்டு. அந்தப் பூ கடைசிவரை அவரை விடவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் தைத்த ஒரு கவுனில், தோளிலிருந்து இறங்கும் ரோஜாக்களைப் புகைப்படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செய்து தைத்தது. மொட்டு உண்டு, பாதி விரிந்தது உண்டு. இவ்வளவு மென்மையான உடைக்கு உள்ளே கட்டுமானம் வேறு: உடம்போடு நிற்கிற மாதிரி உள்சட்டையும் உள்பாவாடையும் கவுனோடு சேர்த்தே தைத்திருப்பார். கவுனைப் புரட்டினால் உள்பக்கமும் வெளிப்பக்கம் போலவே சுத்தமாக இருக்கும். தையல் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

1914இல் அம்மா திடீரென்று இறந்துபோனார். அலபாமா கவர்னரின் மனைவிக்குத் தைத்துக்கொண்டிருந்த நான்கு கவுன்கள் பாதியில் நின்றன. பதினாறு வயதுப் பெண் அவற்றைத் தைத்து முடித்துக் கொடுத்தாள். அவளுக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. தைக்கக்கூடாது என்றார் கணவர். ஒருநாள் கடையில், தானே தைத்த உடையில் நின்றிருந்தவளைப் பார்த்து, டாம்பா நகரத்துப் பணக்காரப் பெண்மணி ஒருவர், யார் தைத்தது என்று கேட்டார். மகள்களின் கல்யாணத்துக்குத் தைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாராம். ஆன் கைக்குழந்தையோடு ஃப்ளோரிடாவுக்கு ரயிலேறிவிட்டார். கணவரிடம் திரும்பவில்லை. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருக்கிறது.

1917இல் நியூயார்க்கில் ஒரு டிசைன் பள்ளியில் சேர்ந்தார். கறுப்பினப் பெண்ணோடு ஒரே அறையில் உட்கார மாட்டோம் என்றார்கள் மற்ற மாணவிகள். தனி அறை கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், அந்தத் தனி அறையில் தைத்ததைத்தான் ஆசிரியர்கள் மாதிரி என்று வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். மற்றவர்களுக்கு ஆகிற காலத்தில் பாதியிலேயே படிப்பை முடித்துவிட்டார். திரும்பி வந்து டாம்பாவில் சில வருடங்கள் நல்ல பெயர், நல்ல வருமானம். 1928இல் 20,000 டாலர் சேமிப்போடு நியூயார்க் போனார். அடுத்த ஆண்டே பங்குச்சந்தை சரிந்தது.

அதற்குப் பின் பல காலம் அடுத்தவர் கடைகளுக்குத் தைத்தார். 1947இல் நடிகை ஒலிவியா டி ஹாவிலாண்ட் ஆஸ்கார் வாங்கியபோது உடுத்தியிருந்த, கையால் பூ வரைந்த கவுன் ஆன் லோவின் டிசைன். கழுத்துப் பட்டியின் உள்பக்கத்து லேபிளில் இருந்தது வேறு பெயர்.

இப்போது 1953க்கு வருவோம். செப்டம்பர் 12, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் ஜாக்குலின் பூவியேவுக்கும் ஜான் எஃப். கென்னடிக்கும் கல்யாணம். மணப்பெண் கவுனுக்கு மட்டும் 50 கெஜம் தந்த நிறப் பட்டு டஃபேட்டா. மார்புப் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மடிப்புப் பட்டைகள், கீழே விரிந்த பாவாடையில் வட்ட வட்டமாகச் சுருக்கு வைத்த அலங்காரம். தோழிப் பெண்களின் உடைகளும் லோவின் பொறுப்பு. எல்லாம் முடிகிற நேரத்தில், கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டறையில் தண்ணீர்க் குழாய் உடைந்து வெள்ளமாகிவிட்டது. மணப்பெண் கவுனும் தோழிகளின் உடைகளில் ஒன்பதும் பாழ். இரண்டு மாத வேலை.

டஃபேட்டா தைத்தவர்களுக்குத் தெரியும், அந்தத் துணியில் தண்ணீர் பட்டால் கறை போகாது. ஊசி குத்திய இடம்கூட அப்படியே தெரியும், பிரித்துத் தைக்க வழியில்லை. திரும்பத் துணி வாங்கி, கூடுதலாக ஆட்களை வைத்து, இரவும் பகலுமாக முதலிலிருந்து தைத்தார்கள். 700 டாலர் லாபம் வர வேண்டிய இடத்தில் 2,200 டாலர் நஷ்டம். பெண் வீட்டாரிடம் லோ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உடைகளை ஒப்படைக்க லோவே நியூபோர்ட் போனார். வாசலில் தடுத்து, வேலைக்காரர்கள் வருகிற பின்வாசலைக் காட்டினார்கள். பின்வாசல் என்றால் உடைகளோடு திரும்பிப் போய்விடுவேன் என்றார். முன்வாசல் வழியாகவே உள்ளே போனார்.

கல்யாணத்துக்கு மறுநாள் பத்திரிகைகள் கவுனைப் பற்றி அங்குலம் அங்குலமாக எழுதின. தைத்தவர் பெயரைப் பெரும்பாலானவை எழுதவில்லை. 1961இல், ஜாக்குலின் அதிபரின் மனைவியாகிவிட்ட பிறகு, பெண்கள் பத்திரிகை ஒன்று அந்தக் கவுனைத் தைத்தது ஒரு கறுப்பினத் தையல்காரி என்று மட்டும் போட்டது, அது உயர்தர டிசைனர் வேலை அல்ல என்ற தொனியில். லோ சும்மா இருக்கவில்லை. வெள்ளை மாளிகைக்கே கடிதம் எழுதினார். பேர் பெற்ற நீக்ரோ டிசைனர் என்று தன்னைச் சொல்லியிருக்கலாமே என்பது அவர் ஆதங்கம். பத்திரிகை நடத்துகிறவளாக இந்த இடம் என்னைச் சுடுகிறது. பெயரைச் சேர்க்க அரை வரிகூட ஆகியிருக்காது.

1964இல் சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகை அவரைப் பற்றி விரிவாக எழுதியபோது, உயர்குடியினர் பத்திரமாகக் காத்த ரகசியம் என்கிற மாதிரி தலைப்புக் கொடுத்தது. இன்றுவரை அதைப் பாராட்டாகவே எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. யாருக்கு லாபமான ரகசியம் அது? ராக்ஃபெல்லர், டுபான்ட், ரூஸ்வெல்ட் வீட்டுப் பெண்கள் பாரிஸில் கொடுக்க வேண்டிய விலையில் ஒரு பங்கைக் கொடுத்து, பாரிஸ் தரத்தில் உடை வாங்கிக்கொண்டார்கள். தைத்தவர் பெயர் ஊருக்குத் தெரிந்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் விலை ஏறும். பெயரை அமுக்கியதில் நிறவெறி இருந்தது, சந்தேகமே இல்லை. கூடவே ஒரு கணக்கும் இருந்தது. அந்தக் கணக்கை நாம் அதிகம் பேசுவதில்லை.

லோவுக்கோ கணக்கு சுத்தமாக வராது. துணிக்கும் மணிக்கும் வாங்குகிற பணத்தைவிட அதிகம் செலவழித்துவிடுவார். மகன் ஆர்தர் வரவு செலவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1958இல் கார் விபத்தில் அவர் இறந்ததும் எல்லாம் தலைகீழானது. 1962இல் 12,800 டாலர் வரி பாக்கிக்காகக் கடையை மூடினார்கள். அதே வருடம் கண் அழுத்த நோயால் வலது கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது யாரோ பெயர் சொல்லாமல் வரி பாக்கியைக் கட்டிவிட்டார்கள். ஜாக்குலின்தான் என்று லோ கடைசிவரை நம்பினார். அதன் பின்னும் பத்து வருடம் தைத்தார். 1981இல் காலமானார்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். லோ புரட்சிக்காரர் அல்ல. பரம்பரைப் பணக்காரர்களுக்கு மட்டும்தான் தைப்பேன், புதுப்பணக்காரர்கள் என் உடையைப் போடுவதில் எனக்கு இஷ்டமில்லை என்று பேட்டியில் பெருமையாகச் சொன்னவர். தன்னைச் சுரண்டியவர்களையே அவருக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்து அவரைச் சிலையாக்க எனக்கு மனமில்லை.

லோவுக்கு முந்திய தலைமுறைகளில் இதே தொழிலில் இருந்தவர் எலிசபெத் கெக்லி. 1818இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். செயின்ட் லூயி நகரத்தில் இரண்டரை வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவர் ஊசியில்தான் எஜமானர் வீட்டில் பதினேழு பேர் சாப்பிட்டார்கள். தைத்தது இவர், கூலி அவர்களுக்கு. 1855இல் தனக்கும் மகனுக்கும் 1,200 டாலர் கொடுத்து விடுதலை வாங்கினார். பணத்தை வாடிக்கையாளர்கள் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர் அதைக் கடனாகவே எடுத்துக்கொண்டு, தைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு வாஷிங்டனில் அதிபர் லிங்கனின் மனைவி மேரிக்கு ஆஸ்தானத் தையற்கலைஞர், அந்தரங்கத் தோழியும்கூட. 1868இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதில் மேரியின் கடிதங்களும் அச்சாகிவிட, நட்பு முறிந்தது, பெரிய வீட்டு வாடிக்கையும் போனது. வீட்டு ரகசியம் தெரிந்த தையல்காரி வாயைத் திறக்கக்கூடாது.

லோவின் காலத்தவரான செல்டா வின் வால்டெஸ் இதற்கெல்லாம் மாறு. சிறுமியாக இருந்தபோது பாட்டிக்கு உடை தைத்துத் தருகிறேன் என்றாராம். நான் உயரம், பருமன் வேறு, உன்னால் ஆகாது என்றார் பாட்டி. தைத்துக் கொடுத்தது அப்படிப் பொருந்திவிட்டது. பாட்டி இறந்தபோது அதை உடுத்தித்தான் அடக்கம் செய்தார்கள். 1948இல் நியூயார்க்கின் பிராட்வேயில் தன் பெயரையே வைத்துக் கடை திறந்தார். ஜாய்ஸ் பிரையண்ட், டோரதி டான்ட்ரிட்ஜ், எர்த்தா கிட் என்று மேடையில் மின்னிய பெண்கள் வரிசையில் வந்தார்கள். பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஊர் ஊராகக் கச்சேரி, அளவு கொடுக்க வர நேரமில்லை. நம் ஊரில் என்றால் அளவு பிளவுஸ் அனுப்புவார்கள். செல்டா ஒருமுறை எடுத்த அளவை வைத்துக்கொண்டு, பத்திரிகையில் வரும் படத்தைப் பார்த்து, எங்கே எவ்வளவு கூடியிருக்கிறது என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுத் தைத்து அனுப்பினார்.

1949இல் கறுப்பின டிசைனர்கள் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தபோது நியூயார்க் கிளைக்கு அவர்தான் தலைவர். ஆளுக்கு ஆள் ரகசியமாக இருந்தால் பிழைப்பு நடக்காது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அறுபத்தைந்து வயதில், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் நேரத்தில், ஹார்லெம் நடனக் குழுவின் உடைப் பொறுப்பை ஏற்றார். பாலே ஆடுகிறவர்கள் இளஞ்சிவப்புக் காலுறைதான் போட வேண்டும் என்பது அதுவரை விதி. வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும் நிறம் அது. அந்தக் குழுவில் ஒவ்வொருவரின் தோல் நிறத்துக்கும் தக்கபடி காலுறைக்குத் தனித்தனியாகச் சாயம் ஏற்றினார்கள். 2001இல் இறக்கும்வரை அங்கேதான் வேலை பார்த்தார்.

இவர்களுக்குப் பின்னால் வந்தவர்களைப் பற்றி உள்ளே ஒரு கட்டுரை இருக்கிறது. இரண்டு ஆஸ்கார் வாங்கிய உடை வடிவமைப்பாளர் ரூத் கார்ட்டரும், டெட்ராய்ட்டில் சிறிய அளவில் உடை தயாரிக்கும் டிரேசி ரீஸும் அதில் வருகிறார்கள்.

ஜாக்குலினின் கல்யாணக் கவுன் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் இருக்கிறது. துணி நைந்துவிட்டதால் காட்சிக்கு வைக்க முடியாது. 2023இல் டெலவேர் மாநிலத்தின் வின்டர்தூர் அருங்காட்சியகத்தில் ஆன் லோவுக்கென்றே பெரிய கண்காட்சி நடந்தபோது, அசலை அளந்து பார்த்து ஒரு பிரதியைத் தைத்தார்கள். அந்தக் கண்காட்சியின் தலைப்பிலேயே லோவின் பெயர் இருந்தது.

அடுத்த இதழுக்கு உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்யாண ரவிக்கையைத் தைத்தவர் யார், எந்த ஊர், எந்தத் தெரு, அவருடைய கைவேலையில் எது உங்களுக்குப் பிடித்தது என்று எழுதி அனுப்புங்கள். அவர் சம்மதித்தால் பெயரைப் போடுகிறோம், படம் இருந்தால் படமும். என்ன கூலி கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். பேரம் பேசியிருந்தால் அதையும்தான்.

அன்புடன்,
ஆசிரியர்