சொன்னது ஒரு வட்டி, பிடிப்பது ரெண்டுக்கும் மேல்

மதிப்பிற்குரிய குழுக்கடன் நிறுவன மண்டல மேலாளர் அவர்களுக்கு,

வட்டிக் கணக்கு பற்றி உங்கள் கிளையில் மனு கொடுத்தோம், தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலும் போட்டோம். "பரிசீலனையில் உள்ளது" என்ற குறுஞ்செய்திக்கு மேல் எதுவும் வரவில்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன். விதிமுறைகளை ஓதப் போவதில்லை, உங்களுக்குத் தெரியாததா? ஒரே ஒரு கடன் அட்டையை மட்டும் பார்ப்போம்.

எங்கள் தெரு அக்கா ஒருவர் கறவை மாடு வாங்க உங்களிடம் குழுக்கடன் எடுத்தார். அட்டையில் 48,000 ரூபாய். ஃபீஸ், இன்சூரன்ஸ் என்று 2,000 பிடித்தது போகக் கைக்கு வந்தது 46,000. மாதம் 2,480 வீதம் 24 டியூ. "வருசத்துக்கு 12 பர்சென்ட்தான்க்கா, நூத்துக்கு ஒரு ரூபா வட்டி" என்று உங்கள் ஃபீல்டு ஆபீசர் சொன்னதைக் குழுவே கேட்டது.

நான் வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதுபவன். மண்டிக் கணினியில் எக்செல்லைத் திறந்து, ரேட் என்ற சூத்திரத்தில் மூன்றே எண்கள் போட்டேன்: 24, கழித்தல் குறியோடு 2,480, பிறகு 46,000. கைக்கு வந்த பணத்துக்கும் கட்டுகிற பணத்துக்கும் குறி மாறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிழை என்று சொல்லி எக்செல் நின்றுவிடும். அதற்கு இருக்கிற நாணயம் அது. விடை, மாதம் 2.17 சதவீதம். ஆண்டுக்கு 26. வட்டிக்கு வட்டியும் சேர்த்து எஃபெக்ட் சூத்திரத்தில் பார்த்தால் 29.4.

வித்தை எங்கே என்று உங்களுக்கா தெரியாது? ஒவ்வொரு டியூவிலும் அசல் 2,000, வட்டி 480. அசல் கரைகிறது, வட்டி அசைவதில்லை. கடைசி மாதம் அக்கா தர வேண்டிய அசல் 2,000தான். அதற்கும் ஒரு மாத வட்டி 480. நூற்றுக்கு 24 ரூபாய், ஐயா! கந்துவட்டிக்காரனே கூசுவான். எங்கள் கடைவீதி அடகுக்கடைக்காரர்கூட ரெண்டு வட்டி என்று முகத்துக்கு நேரே சொல்லி, ரெண்டு வட்டிதான் வாங்குகிறார். நீங்கள் ஒரு வட்டி என்று சொல்லி ரெண்டுக்கு மேல் பிடிக்கிறீர்கள்.

கிளையில் கேட்டால், "சிஸ்டம் போடுற கணக்கு சார்" என்கிறார்கள். சிஸ்டத்துக்கு 12 என்று பொய் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது?

2024 அக்டோபரில், அதிக வட்டி வாங்கிய நான்கு நிதி நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கவே ரிசர்வ் வங்கி தடை போட்டது. மொத்த ஆண்டு வட்டியைக் கடன் வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் எழுதிக் கொடுக்கும் ஏற்பாடும் அந்த மாதத்துக்குள் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கடன் எடுத்த எங்கள் அக்கா கையெழுத்துப் போட்ட தாளோ முழுக்க இங்கிலீஷ். அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். அதுதான் உங்களுக்குப் பயமோ?

டியூ வசூலிக்கிற அடுத்த சென்டர் கூட்டத்துக்கு நீங்களே வாருங்கள், லேப்டாப்போடு. பெண்கள் எல்லோரும் பார்க்க அந்த மூன்று எண்களைத் தட்டி, வருகிற விடையைத் தமிழில் உரக்கப் படியுங்கள். அதற்குப் பிறகும் டியூ கேட்க வாய் வந்தால் கேளுங்கள். கட்டிவிடுவார்கள். சொன்ன சொல் தவறக் கூடாது என்ற பயம் அவர்களுக்காவது இருக்கிறது.

இப்படிக்கு,
மண்டிக் கணக்கன் ஒருவன்,
கடத்தூர், தருமபுரி மாவட்டம்.