சருகும் செல்வமே!

பங்குனி பிறந்துவிட்டால் நம் ஊரில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று, வேப்பமரங்கள் பழுத்த இலைகளை உதிர்த்துத் தளிர் விடும் காட்சி. மற்றொன்று, உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைக்கும் காட்சி. முன்னது இயற்கையின் கொடை. பின்னது நம் அறியாமை என்பேன் நான்.

கோடையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பது எப்படி என்று கேட்டால், தண்ணீர் ஊற்றுங்கள் என்பர் பலர். தண்ணீருக்கு எங்கே போவது? 2019ஆம் ஆண்டில் சென்னை மக்களின் தாகம் தீர்க்க ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் சென்றதை மறக்கலாகுமா? குடிநீருக்கே அந்நிலை வருமாயின், கத்தரிச் செடிக்குக் குடம் குடமாக ஊற்றுவது எங்ஙனம்? ஆகவே, ஊற்றிய நீரைக் காப்பதே கோடைத் தோட்டத்தின் முதற்பணி. அதற்குக் காசில்லாமல் கிடைக்கும் பொருள் சருகு.

சருகு போர்த்திய மண்ணில் வெயில் நேரே படுவதில்லை. ஈரம் விரைவில் உலர்வதில்லை, வேர் சூட்டில் வாடுவதில்லை, களையும் குறைகிறது. நாளடைவில் அச்சருகே மக்கி உரமாகிறது.

சென்ற ஆண்டு எங்கள் கொல்லையில் இரண்டு கத்தரிப் பாத்திகளுள் ஒன்றில் மட்டும் வேப்பஞ்சருகைப் பரப்பினேன். "குப்பையக் கூட்டித் தள்ளாம செடிக்கடியில கொட்டுறியே ஆத்தா! தேளு, பூரான் அடையாதா?" என்று கடிந்துகொண்டார் அப்பத்தா. சித்திரையில் வெறும் பாத்தி நாள்தோறும் நீர் கேட்டது. சருகிட்ட பாத்திக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றியதே போதுமாயிற்று. பிறகு முருங்கையடியிலும் பரப்பச் சொன்னவர் அப்பத்தாவே!

அவர் அச்சத்திலும் நியாயம் உண்டு. குவியலாக விட்டால் பூச்சிகள் அடையத்தான் செய்யும். எனவே இரண்டு மூன்று அங்குல கனத்துக்கு மட்டும் பரப்ப வேண்டும். தண்டை ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விட வேண்டும். இல்லையேல் தண்டு அழுகும், கரையான் ஏறும். கையால் அளையாமல் குச்சியால் கிளற வேண்டும். நோய் கண்ட இலைகளைச் சேர்க்கலாகாது. அதிகாலையிலோ மாலையிலோ சருகை விலக்கி வேரடியில் நீர் ஊற்றுவது நன்று. புதுக் கன்று நடுவதைக் கத்திரி வெயில் கழியும்வரை ஒத்திப்போடலாம்.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் கல்லூரி வளாகத்திலும் பங்குனிக் காலைகளில் சருகுப் புகை எழுந்து வகுப்பறைக்குள் நுழைகிறது. மரம் நடுவிழாவில் நாம் நட்ட கன்றுகளோ சில அடி தொலைவில், வெறும் மண்ணில் வாடி நிற்கின்றன! எரிக்கும் சருகை அக்கன்றுகளின் அடியில் பரப்ப ஒரு மாலைப்பொழுது போதாதா? பேராசிரியப் பெருமக்கள் ஒரு சொல் சொன்னால், கூடையுடன் வர மாணவர்கள் நாங்கள் காத்திருக்கிறோம். வரும் பங்குனியில் தீப்பெட்டியை மூடிவைப்போம், மண்ணைப் போர்த்திவைப்போம்!